மருந்துக்கு முன்னால்

"ஆராய்ச்சி கிடக்கட்டும் ஐயா, மருந்து எங்கே?" என்று கேட்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நெடுநாளைய வழக்கு. இன்று அதை வாசகர்களின் மன்றத்திலேயே வைத்துவிடத் தீர்மானித்திருக்கிறேன்.

கேள்வி மேலுக்கு மிகவும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. புற்றுநோய் கண்ட வீட்டில் குடும்பத் தலைவர் கட்டிலில் கிடக்கிறார். மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் எங்கோ ஒரு விஞ்ஞானி, கண்ணாடித் தட்டில் சில உயிரணுக்களை வளர்த்து, அவை எப்போது கட்டு மீறுகின்றன, எப்படி இடம்விட்டு இடம் நகர்கின்றன என்று வருஷக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், கேட்பவருக்கு எரிச்சல் வருகிறது. "வீடு பற்றி எரிகிறது, இவர் நெருப்பின் குணத்தை ஆராய்கிறாரே!" என்கிறார்.

இதைச் சொல்கிறவர்கள் யார்? எழுத்தறியாதவர்கள் அல்ல. ரயிலில் என்னோடு பட்டணத்துக்குப் போய் வரும் உத்தியோகஸ்தர்கள், நூல்நிலையத்தில் கதைப் புத்தகம் மாற்ற வருகிறவர்கள், குடியிருப்போர் சங்கத்தில் நன்கொடைப் பட்டியல் தயாரிக்கிறவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவியிடம் போய், "பாட்டி, உனக்குப் புற்றுநோய்" என்று சொல்லிப் பாருங்கள். அவள் முதலில் கேட்பது, "எனக்கு ஏன் சாமி இது வந்தது?" என்பதுதான். "பிழைப்பேனா?" என்பது அடுத்த கேள்வி. மருந்து மூன்றாவது. ஆராய்ச்சிக்கூடத்தின் கேள்வி எதுவோ அதுவேதான் அவளுடைய முதல் கேள்வியும். பட்டம் வாங்கிய நாம்தான் அந்தக் கேள்வியை மறந்துவிட்டு நேரே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம்.

அம்பத்தூரில் குடியிருக்கிறவன் நான். இங்கே தொழிற்பேட்டைப் பட்டறைகளில் மோட்டார் கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் ஒரு ஷாஃப்ட் உடைந்து போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். "மன்னிக்க வேண்டும், இதோ புது ஷாஃப்ட்" என்று கொடுத்துவிட்டுப் பட்டறை முதலாளி தப்பித்துக்கொள்ள முடியுமா? முடியாது. ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடு என்பான் வாங்குகிறவன். இரும்பு மட்டமா? சூடேற்றியது போதாதா? லேத்தில் விழுந்த கீறலா? கீறல் என்றால் அது எந்த இடத்தில் தொடங்கியது, எப்படி வளர்ந்தது? உடைந்த முகத்தை அறுத்து, மெருகேற்றி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துப் பதில் சொன்னால்தான் அடுத்த ஆர்டர். இதை வீண் செலவு என்று தொழிற்பேட்டையில் யாரும் சொல்வதில்லை. முழ நீள இரும்புத் தண்டுக்கு நாம் கொடுக்கிற இந்த மரியாதையை மனுஷ உடம்புக்குக் கொடுக்க மட்டும் ஏன் யோசிக்கிறோம்?

நம் ஆஸ்பத்திரிச் சுவர்களில் வள்ளுவரை எழுதி வைத்திருக்கிறோம். மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் அவர் ஒரு வரிசை சொல்லியிருக்கிறார். நோய் இன்னதென்று பார், அதன் காரணத்தைப் பார், தணிக்கும் வழியைப் பார், பிறகு செய் என்பது அந்த வரிசை. அழகாக எழுதிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, இரண்டாவதை மட்டும் நைசாகத் தாண்டிப் போகிறோம். பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கில் நடுவரியை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதினால் வாத்தியார் முட்டை போடுவார். நமக்கு முட்டை போட ஆளில்லை.

என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் எப்படித் தோன்றுகிறது, எப்படி முற்றுகிறது, எப்படிப் பரவுகிறது என்று துருவிப் பார்க்கிற சோதனைச்சாலைதான் வைத்தியத்துக்கு அஸ்திவாரம். அதை வெள்ளைக்காரன் பார்த்துக்கொள்வான் என்று நாம் உட்கார்ந்திருப்பது சோம்பல். நம்முடைய புற்றுநோய்கள் சிலவற்றில் அந்தச் சோம்பல் பலிக்கவும் பலிக்காது.

முதலில், இந்தத் துருவல் எதைத்தான் கண்டுபிடித்தது என்று பார்ப்போம்.

1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற ரணவைத்தியர், புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளிகளுக்கு விரைப்பையில் புற்று வருவதைக் கவனித்து, கரியின் மேல் சந்தேகம் கொண்டார். சந்தேகம் நிரூபணம் ஆவதற்கு 140 வருஷம் பிடித்தது. 1915-ல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற இருவர், முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக் கணக்கில் விடாமல் தடவித் தடவிப் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள். எத்தனை மாதம் ஒரு முயலின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது! அக்கம்பக்கத்தார் சிரித்திருந்தாலும் வியப்பில்லை. ஆனால், தொடுகிற பொருளும் ஊதுகிற புகையும் மெல்லுகிற சரக்கும் உடம்பில் புற்றை உண்டாக்க முடியும் என்று சோதனைச்சாலையில் சாட்சி சொல்லியது அந்தக் காதுதான். இன்று சிகரெட் பெட்டியின்மேல் அச்சாகும் பயங்கரப் படத்துக்குப் பின்னால் அந்த முயலும் நிற்கிறது.

1911-ல் அமெரிக்காவில் பெய்ட்டன் ரவுஸ் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தி, அதற்கும் கட்டி வரக் கண்டார். வைரஸ் ஒன்று புற்றை உண்டாக்குகிறது என்று அதற்குப் பொருள். நெடுங்காலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 1966-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 87. பிறகு 1976-ல் பிஷப், வார்மஸ் இருவரும் அவர்களுடைய சகாக்களும் அதே வைரஸைத் துருவிப் பார்த்து ஓர் அதிசயத்தைச் சொன்னார்கள். புற்றை உண்டாக்கும் அந்த மரபணு வைரஸின் சொந்தச் சரக்கே அல்ல. நோயற்ற கோழியின் உயிரணுவிலிருந்து அது களவாடிக்கொண்டு போனது! அதாவது, உயிரணுவை வளரச் சொல்லிக் கட்டளையிடும் சாதாரண மரபணுவேதான், பழுதானால் புற்றுக்கு வித்தாகிறது. திருடன் சுவர் ஏறி வரவில்லை. வீட்டுச் சாவியே வளைந்து போயிருக்கிறது.

இப்படி ஒன்று வளைந்தால் மட்டும் போதாது. வளரச் சொல்லும் சாவி சிக்கிக்கொள்ள வேண்டும், நில் என்று சொல்லும் பூட்டுகள் உடைய வேண்டும், பழுதான உயிரணு தானாக அழியும் ஏற்பாடு கெட வேண்டும், வளர்கிற கட்டிக்கு ரத்தக் குழாய் இழுத்துக் கொடுக்க வேண்டும். வருஷக் கணக்கில், சில சமயம் இருபது முப்பது வருஷங்களில், படிப்படியாக நடக்கிற காரியம் இது. ஒவ்வொரு படியும் மறிப்பதற்கு ஓர் இடம். படி எது என்று தெரியாதவன் எங்கே போய் மறிப்பான்?

கடைசிப் படி பரவுதல். புற்றுநோயில் பெரும்பாலோர் சாவது முதலில் தோன்றிய கட்டியினால் அல்ல, அது பரவுவதினால்தான். ஸ்டீஃபன் பேஜெட் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1889-லேயே, மார்புப் புற்றுநோயால் இறந்த எழுநூறுக்கு மேற்பட்ட பெண்களின் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, பரவுகிற உயிரணு விதை போன்றது, அது போய் விழுகிற உறுப்பு நிலம் போன்றது, எல்லா விதையும் எல்லா நிலத்திலும் முளைப்பதில்லை என்று எழுதினார். உழவனுக்குச் சொல்லித் தர வேண்டாத உண்மை. ஆனால் ஒரு விதைக்கு ஏன் எலும்பு பிடிக்கிறது, இன்னொன்றுக்கு ஏன் ஈரல் பிடிக்கிறது என்பதை இன்றும் சோதனைச்சாலைகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"கதை நன்றாகத்தான் இருக்கிறது, மருந்து?" என்பீர்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது.

1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் இருவர், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் உயிரணுக்களில் குட்டையான ஒரு குரோமோசோம் இருப்பதைக் கண்டார்கள். அதனால் யாருக்கு என்ன லாபம்? அன்று ஒரு காசு லாபமில்லை. 1973-ல் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி, இரண்டு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த குட்டை அது என்று காட்டினார். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு கெட்ட புரதம் உண்டாவதைப் பிறகு வந்தவர்கள் கண்டார்கள். அந்தப் புரதத்தின் வாயை அடைக்க ஒரு மாத்திரை செய்தார்கள். 2001-ல் அது விற்பனைக்கு வந்தது. இமாடினிப் என்று பெயர். சில வருஷங்களில் கொன்றுவிடும் என்றிருந்த நோயை, மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வரும் நோயாக அது மாற்றிவிட்டது. குட்டைக் குரோமோசோமிலிருந்து மாத்திரைக்கு 41 வருஷம்.

கருப்பை வாய்ப் புற்றுநோயும் அப்படித்தான். 1983-ல் ஜெர்மனியில் ஹெரால்டு சூர் ஹௌஸனின் குழுவினர், அந்தப் புற்றுத் திசுவில் பாப்பிலோமா வைரஸின் ஒரு வகையைப் பிடித்துக் காட்டினார்கள். 2006-ல் தடுப்பூசி வந்தது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு. 2022-ல் நம் நாட்டிலேயே, புனாவில் செய்த தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. ஒரு புற்றுநோயை வராமலே தடுக்க ஊசி! "எப்படி வருகிறது?" என்று ஒருவர் கேட்டிராவிட்டால் எந்த ஊசியை எதற்குப் போடுவது?

இன்னும் அருகே வருகிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். பிற்காலத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைச்சாலையில், உயிரணு பெருகுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். அந்த வைட்டமினைப் போலவே வேஷம் போட்டு, உயிரணுவை ஏமாற்றிப் பட்டினி போடும் ஒரு பொருளைச் செய்தார்கள். டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 குழந்தைகளுக்கு, தற்காலிகமாகவேனும், நோய் தணிந்தது. அது வெளியான 1948-லேயே சுப்பாராவ் காலமானார். அதன் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட் இன்றும் ஆஸ்பத்திரிகளில் ஏறுகிறது. அவர் மறுபடி இந்த ஊர் மண்ணை மிதிக்கவே இல்லை. இங்கே அவருக்கு ஒரு சோதனைச்சாலை இருந்திருந்தால் கப்பல் ஏறியிருப்பாரா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

இப்போது எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நிற்கிறார். "அப்படியே இருக்கட்டும். வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கட்டும்; நாம் சல்லிசாகச் செய்து விற்போம். அதுதானே நமக்குக் கைவந்த கலை?"

கைவந்த கலைதான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. நான் சொன்ன அதே இமாடினிப்பின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-ல் மனுப் போட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-ல் இங்கே அதை நிராகரித்தார்கள். கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. 2013 ஏப்ரல் 1-ந் தேதி அங்கேயும் தோற்றது. மாதம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் விலை சொன்ன மருந்து, நம் கம்பெனிகளின் கையில் 8 ஆயிரம் ரூபாய் அளவில் கிடைத்தது. ஏழைக்கு உயிர் கிடைத்தது. கை தட்டுகிறேன். ஆனால், நகல் எடுக்க ஒரு மூலம் வேண்டாமா? எழுதாத புத்தகத்தை எந்த அச்சகம் மலிவுப் பதிப்பாகப் போடும்?

வெள்ளைக்காரன் எழுதாத புத்தகம் ஒன்று இருக்கிறது. அது நம் வாயில் இருக்கிறது.

2022-ம் வருஷத்து உலகக் கணக்கீட்டின்படி, இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். இறந்தவர்கள் 9 லட்சத்துக்கு மேல். அந்த 14 லட்சத்தில் ஏறக்குறைய 1 லட்சத்து 43 ஆயிரம் பேருக்கு நோய் உதட்டிலும் வாயிலும். பத்தில் ஒருவர்! புகையிலையையும் பாக்கையும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கிற நமக்கு, ஒதுக்கிய இடத்திலேயே புற்று வைக்கிறது. மேல்நாட்டில் இந்தக் கன்னப் புற்று அவ்வளவாகக் கிடையாது. அவர்களுக்குக் கிடையாத நோயை அவர்கள் ஏன் விழுந்து விழுந்து ஆராய வேண்டும்?

இந்த நோயைப் பற்றி 1933-லேயே நம் மண்ணிலிருந்து ஒரு குரல் கேட்டது. அன்று திருவிதாங்கூரில் இருந்து, இன்று குமரி மாவட்டத்தில் இருக்கிற நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், ஆர் என்ற டாக்டர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி ஆராய்ந்து லண்டன் வைத்தியப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பம்பாயில் டாக்டர் கானோல்கர் அதே வழியில் உழைத்தார். பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாய்ச் சதை இறுகிப் போய் வாயே திறக்க முடியாமல் ஆகும் வியாதியை 1953-ல் ஜோஷி விவரித்தார். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2004-ல் வெளியிட்ட நூலில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் விடை தெரியாத கேள்வி ஒன்று உண்டு. வாயில் வெள்ளைத் திட்டு வருகிற எல்லோருக்கும் அது புற்றாவதில்லை, சிலருக்குத்தான் ஆகிறது. யாருக்கு, ஏன், எந்தப் படியில்? இது தெரிந்தால், தொழிற்பேட்டை கேட்டில் நிற்கிற காவல்காரரின் வாயைப் பார்த்து, "உமக்கு ஆபத்து, இன்றே வாரும்" என்றும், அடுத்தவரிடம், "பழக்கத்தை விடும், ஆறு மாதம் கழித்து வந்து காட்டும்" என்றும் சொல்லிவிடலாம். பாதித் தாடையை அறுத்தெடுக்கும் ரணசிகிச்சைகளில் எத்தனையோ மிச்சமாகும். இதை பாஸ்டனில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பாக்கு இங்கே இருக்கிறது. வாய் இங்கே இருக்கிறது. சோதனைச்சாலையும் இங்கேதான் இருக்க வேண்டும்.

"நம்மவர்களால் ஆகுமா?" என்று ஒரு சந்தேகம் உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். ஆகியிருக்கிறது. 2013-ல் வங்காளத்துக் கல்யாணியிலும் நவி மும்பையிலும் உள்ள நம் விஞ்ஞானிகள், இந்தக் கன்னப் புற்றுநோய் கண்ட 110 பேரின் திசுக்களை ஆராய்ந்து, இதில் குறிப்பாகப் பழுதாகும் சில மரபணுக்களைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யினர், 480 மார்புப் புற்றுநோயாளிகளின் திசுக்களைப் படித்து ஒரு மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். நம் பெண்களின் நோயை நம் பெண்களின் உடம்பிலிருந்தே படிக்கிற புத்தகம் அது.

இன்னொரு சாட்சி ஆவடியில் இருக்கிறது. பம்பாயில் 1952-ல் தொடங்கிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் கமல் ரணதிவே என்ற பெண் விஞ்ஞானி, உயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கும் கலையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர். புற்றுநோய்க்காகக் கற்ற அந்தக் கைத்திறனால், 1958-ல் அதே நிலையத்தில் தொழுநோயாளி ஒருவரிடமிருந்து ஒரு கிருமியை எடுத்து வளர்த்தார்கள். அதிலிருந்து ஒரு தொழுநோய்த் தடுப்பூசி பிறந்தது. அதை மற்ற ஊசிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பெரும் பரீட்சையைத் தென்னாட்டில் நடத்தியது ஆவடியில் இருந்த தொழுநோய் ஆராய்ச்சிக் களப் பிரிவு. சுமார் 1 லட்சத்து 71 ஆயிரம் பேருக்கு ஊசி போட்டுப் பின்தொடர்ந்தார்கள். 1998-ல் வெளியான முடிவுகளில், புற்றுநோய்ச் சோதனைச்சாலையில் பிறந்த அந்த ஊசி சுமார் 65 சதவீதம் பாதுகாப்புத் தந்ததாகத் தெரிந்தது. புற்றைத் தேடப் போன இடத்தில் தொழுநோய்க்கு வழி தென்பட்டது. அறிவின் போக்கு அப்படி. அதற்குக் கடிவாளம் போட்டு, "மருந்துக் கடைக்கு மட்டும் போ" என்று ஓட்ட முடியாது. அந்த ஆவடிப் பிரிவு 1999-ல் வேறொரு நிலையத்தோடு சேர்ந்து தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமாகி, இன்று அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்கு நடுவே இருக்கிறது. அதன் வாசல் வழியே பால் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்?

ஆவடி என்றதும் பொறுமையின் ஞாபகம் வருகிறது. 1955-ல் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. பிறகு டாங்கித் தொழிற்சாலை வந்தது. டாங்கிகளுக்கான ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1974-ல். முதல் வண்டிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2004-ல். முப்பது வருஷம்! நடுவில் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனாலும், டாங்கியை வெளிநாட்டில் விலைக்கு வாங்கிக்கொண்டே, நம்முடையதை நாம் செய்துதான் தீர வேண்டும் என்று தேசம் காத்திருந்தது. காத்திருந்தது சரி என்றே நான் சொல்வேன். தேசத்தின் எல்லையைக் காக்க முப்பது வருஷப் பொறுமை இருக்கிற நமக்கு, வருஷத்துக்கு 9 லட்சம் பேரைக் கொண்டுபோகிற எதிரியின் நடமாட்டத்தைப் படிக்கிறவனிடம் மட்டும் மூன்று வருஷத்தில் "என்ன கிழித்தாய்?" என்று கேட்க நாக்கு எப்படி எழுகிறது? 2020-21-ல் இந்தியா எல்லா ஆராய்ச்சிக்குமாகச் செலவிட்டது தேசிய உற்பத்தியில் 0.64 சதவீதம். நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை.

எதிர்க்கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி என்ற பெயரால் நாடெங்கும் குப்பை சேருவதும் உண்மைதான். பதவி உயர்வுக்காக எழுதி, எண்ணிக்கைக்காக அச்சேற்றி, ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்கிற கட்டுரைகளுக்குப் பணம் கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் நோயாளிக்குக் கஞ்சி ஊற்றலாம். கலப்படப் பால் விற்கிறவனைப் பிடிக்க வேண்டும். அதற்காகக் குழந்தைக்குப் பாலே வேண்டாம் என்று சொல்லலாமா? அதேபோல, ஏழை நோயாளிக்கு இன்று வேண்டியது இன்றைய சிகிச்சை என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிகிச்சையும் ஆராய்ச்சியும் சக்களத்திகள் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் புற்றுநோய்க்கென்று ஆஸ்பத்திரி கேட்டபோது, புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், ஆஸ்பத்திரி எதற்கு என்ற பொருளில் அமைச்சர் ஒருவர் பதில் சொன்னதாக டாக்டர் சாந்தா நினைவுகூர்ந்ததுண்டு. 1954-ல் அடையாற்றில் அந்த ஆஸ்பத்திரி 12 படுக்கைகளோடு எழுந்தே விட்டது. பின்னாளில் ஆராய்ச்சிப் பிரிவும் அங்கேயே வளர்ந்தது. அன்று "ஆஸ்பத்திரி எதற்கு?" என்று கேட்ட அதே குரல்தான் இன்று சட்டையை மாற்றிக்கொண்டு "ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்கிறது.

அரசாங்கத்தைத் திட்டிவிட்டு எழுந்து போகிற உத்தேசம் எனக்கு இல்லை. அது சுலபம். வாசகர்களாகிய உங்களிடமே எனக்கு மூன்று புகார்கள் உண்டு.

முதல் புகார், நன்கொடை. இறந்துபோன தகப்பனார் பெயரில் ஆஸ்பத்திரிக்கு சக்கர நாற்காலியும் மின்விசிறியும் கொடுக்கிறோம். மின்விசிறி இறக்கையில் நம் பெயர் சுற்றுகிறது. நல்ல காரியம்தான். ஆனால், "ஓர் ஆராய்ச்சி மாணவனுக்கு இரண்டு வருஷச் சம்பளம் கொடுக்கிறேன்" என்று சொன்ன குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அவன் முதுகில் பெயர் எழுத முடியாது என்பதாலோ என்னவோ! நம் வீட்டுப் பையன் உயிரியல் படித்து ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால், ஏதோ சாமியாராகப் போகிறவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம்.

இரண்டாவது, திசு. ரணசிகிச்சையில் அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று சம்மதத் தாள் நீட்டினால் நமக்குப் பயம் வந்துவிடுகிறது. பயத்துக்குக் காரணம் உண்டு. 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுத் திசுவை, அவளைக் கேட்காமலே எடுத்து வளர்த்தார்கள். அந்த உயிரணுக்கள் இன்றும் உலகச் சோதனைச்சாலைகளில் வாழ்கின்றன. 2023-ல்தான் ஒரு கம்பெனி அவளுடைய வாரிசுகளோடு சமரசம் செய்துகொண்டது. ஆகையால், கேளுங்கள். எதற்கு, யார் கையில், என் பெயர் வெளியே வருமா என்று நூறு கேள்வி கேளுங்கள். திருப்தியானால் கையெழுத்துப் போடுங்கள். கொடுக்காவிட்டால் கொளுத்தப் போகிற சதைத் துண்டு அது.

மூன்றாவது, ஒளிப்பு. இதுதான் பெரிய புகார். பக்கத்து வீட்டு மாமி எதில் போனாள் என்று கேட்டால், "வயிற்றில் ஏதோ கோளாறு" என்கிறோம். பெண்ணுக்குக் கல்யாணமாக வேண்டும், வெளியே தெரிந்தால் சம்பந்தம் தவறிவிடும்! சென்னையில் 1982 முதல் அடையாறு நிலையத்தார் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறார்கள். இந்த நகரத்தில் எந்தப் புற்று ஏறுகிறது, எது இறங்குகிறது, யார் பிழைத்தார் என்று தெரிவது அதிலிருந்துதான். எந்தக் கேள்வியைத் துருவ வேண்டும் என்று சோதனைச்சாலைக்கு வழி காட்டும் கைகாட்டி மரம் அந்தப் பதிவேடு. அதில் நாம் பொய் எழுதிக் கொடுத்தால் விஞ்ஞானி பொய்யைத்தான் ஆராய்வான்.

நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, உங்கள் வீட்டு வாசலில் என்றாவது ஒருநாள் ஒரு பெண் கையில் தாள்களோடு வந்து நிற்பாள். உங்கள் குடும்பத்தில் நோய்வாய்ப்பட்ட ஒருவரின் பெயரைச் சொல்லி, இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பாள். எந்த நிலையத்திலிருந்து வருகிறாள் என்று அடையாளச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் உரிமை. பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். அவர் இறந்துபோயிருந்தால் எந்தத் தேதியில், எதனால் என்று சொல்லுங்கள். புகையிலை போடுவாரா என்று கேட்டால், எத்தனை வருஷம் போட்டார் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.